கல்யாணத்துக்கு மாற்றிய கம்மோடு

என் பெண்ணின் கல்யாணம் என்றால் வந்தவர்களுக்கு மேளமும் சாப்பாடும் நினைவுக்கு வரலாம். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு கம்மோடு. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். இதையெல்லாம் நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருந்தோம். என் கணவருக்குப் பெருங்குடலில் புண் வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. வயிறு கூப்பிட்டால் அந்த நிமிஷமே போயாக வேண்டும். பேசிக்கொண்டே இருப்பார், பாதி வாக்கியத்தில் எழுந்து ஓடுவார். ஆபீசில் அவருடைய மேஜையைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் கதவு கண்ணில் படுகிற மாதிரிதான் உட்காருவார்.

அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தியதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் லிவர்மோர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த மனுஷர். மலையைத் தாண்டிப் போகிற அந்த ஃப்ரீவேயில் சாயங்காலமானால் கார்கள் நகராது. ஒருமுறை நடுவழியில் எங்கள் காரும் அப்படி நின்றது. அன்று நடந்ததை நாங்கள் இருவரும் இன்றுவரை வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. அதற்குப் பிறகு நான் மட்டும் என் தம்பியோடு போவேன். நான் திரும்பி வந்ததும் இவர் வாசலிலேயே நின்றுகொண்டு விபூதிக்காகக் கையை நீட்டுவார். 

டாக்டர், குடலில் கெட்டுப்போன பகுதியை எடுத்துவிட்டு மலம் வந்து சேர வயிற்றின் மேல் ஒரு பையைப் பொருத்திவிடலாம் என்றார். இவர் கல்யாணம் முடியட்டும் என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு ஒரே பெண். அந்தக் கோயிலிலேயே முகூர்த்தம் குறித்திருந்தது. எங்கள் வழக்கத்தில் தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருப்பாள்.

"வயித்துல பையைக் கட்டிண்டு கொழந்தையை எப்படி மடியில வெச்சுப்பேன்? அவ கல்யாணத்துல அவளுக்கு அந்த வாசனையா?" என்று கேட்டார். 

ஆனால் பை இல்லாவிட்டால் மட்டும் ஆயிற்றா? லிவர்மோர் போய்ச் சேர வேண்டும். காலையிலிருந்து மத்தியானம் வரை அத்தனை ஜனங்களோடு இருக்க வேண்டும். கல்யாணக் கூட்டத்தில் கழிப்பறை வாசலில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். கோயிலுக்குப் பக்கத்து மோட்டலில் தங்கிவிடலாமா என்று கேட்டேன். "மோட்டல்ல நான் தங்கலாம். கல்யாணம் அங்கே நடக்காதே" என்றார்.

இந்த யோசனையைச் சொன்னவன் என் தம்பிதான். அவன் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். ஆபீஸ் போர்டில் யாரோ விளம்பரம் ஒட்டியிருந்தார்கள் என்று வீடு மாதிரி உள்ளேயே எல்லாம் இருக்கிற ஒரு பழைய மோட்டார்ஹோம் வண்டியை வாங்கி எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அத்திம்பேர், நீங்க டாய்லெட்டைத் தேடிண்டு போக வேண்டாம். நம்மளோடயே அழைச்சுண்டு போயிடலாம். கோயில் மண்டபத்து வாசல்ல நிறுத்திடறேன்."

வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். "பொண்ணுக்கு சீர் கேட்டா இதைக் காட்டலாம்போல இருக்கே" என்றார்.

உள்ளே ஏறிப் பார்த்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் வந்துவிடுகிறது. பிள்ளையார் படத்தை எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை. கடைசியில் டிரைவர் தலைக்கு மேலே, கழிப்பறைக்கு முதுகைக் காட்டினாற்போல மாட்டி வைத்தேன்.

கம்மோடு மிகச் சின்னது. குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருக்குமே, அந்த அளவு. பிளாஸ்டிக். பழுப்பேறிய நிறம். பின்னால் தண்ணீர்த் தொட்டி கிடையாது. கீழே பக்கவாட்டில் ஒரு பெடல். அதை மிதித்தால் தண்ணீர் வரும்; இன்னும் அழுத்தினால் அடியில் ஒரு மூடி திறந்து, எல்லாம் வண்டிக்குக் கீழே இருக்கும் டாங்கில் விழும். அந்த டாங்கை அதற்கென்று இருக்கிற இடத்தில் கொண்டுபோய்க் காலி செய்ய வேண்டும். தம்பி இதையெல்லாம் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னான்.

கல்யாணத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் லிவர்மோருக்கு ஒத்திகை போனோம். மலை ஏறும்போது கார்கள் நின்றன. இவர் எழுந்து பின்னால் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பிள்ளையாரைப் பார்த்துக் கை கூப்பினேன். இனிமேல் வெள்ளிக்கிழமை இரண்டு பேருமாகப் போகலாம் என்று மனசு எங்கெங்கோ ஓடியது. அப்போது பின்னாலிருந்து மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

அவர் வெகு நேரம் கழித்து வெளியே வந்தார். வேஷ்டி நுனி நனைந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"என்ன சத்தம் அத்திம்பேர்?" என்று தம்பி ஓட்டிக்கொண்டே கேட்டான்.

"பழசுடா. விட்டுப்போச்சு."

நான் போய்ப் பார்த்தேன். கம்மோட்டின் அடிப்பாகம் ஒரு பக்கமாகப் பிளந்திருந்தது. உட்காருகிற வளையத்தின் இரண்டு பக்கத்திலும் ஈரமாகப் பாதங்கள் பதிந்திருந்தன.

எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனை வருஷம் அமெரிக்காவில் இருந்தாலும் அவருக்குக் குந்தி உட்கார்ந்தால்தான் ஆகும். வியாதி வந்த பிறகு கேட்கவே வேண்டாம். வீட்டுக் கழிப்பறையில் கம்மோட்டின் இரண்டு பக்கமும் மரக்கட்டைகளை அடுக்கி மேடை மாதிரி செய்து வைத்திருந்தார். கால் இரண்டும் கட்டையின் மேல் இருக்கும். கம்மோட்டுக்குப் பாரமே கிடையாது. இந்த வண்டியில் கட்டை வைக்க ஏது இடம்? வளையத்தின் மேலேயே ஏறிவிட்டார்.

கோயிலுக்குப் போகாமலே திரும்பினோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் தம்பி பின்னால் போய்க் குனிந்து பார்த்தான். வளையத்தில் பாதத்தின் தடம் இன்னும் அப்படியே இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"அத்திம்பேர், அது பிளாஸ்டிக். மேலே ஒருத்தன் ஏறி நிப்பான்னு அமெரிக்காக்காரன் கனவுலகூட நெனச்சிருக்க மாட்டான்."

இவர் சிரிக்கவில்லை. "உக்காந்தா வரமாட்டேங்கறதுடா. வந்தாலும் முடிஞ்ச மாதிரி இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிடறது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றார்.  தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

பழுது பார்க்கிற கடையில் கேட்டால், கோடைக்காலம், வேலை குவிந்து கிடக்கிறது, கல்யாணத்துக்கு அப்புறம்தான் நேரம் தருவோம் என்றார்கள். வாடகைக்கு வேறு மோட்டார்ஹோமும் கிடைக்கவில்லை. தம்பி புதுக் கம்மோடு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். அதுவும் பிளாஸ்டிக்தான்.

"ரெண்டே ரெண்டு போல்ட்டுக்கா. கழட்டி எடுத்துட்டு இதை வெக்கணும். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும்."

தானும் கூட நின்று செய்வேன் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். "நான் ஒடச்சதை இன்னொருத்தன் கழட்டணுமா?" என்று கேட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தம்பியோடு உள்ளே போனார். நான் வண்டியின் வாசற்படியில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் போல்ட் கழன்றது. இரண்டாவது துருப்பிடித்து, சுற்றினால் அதுவும் கூடவே சுற்றியது. எண்ணெய் விட்டார்கள். தட்டினார்கள். தம்பி முனகினான். இதற்கு நடுவில் இவர் வயிறு கூப்பிட்டது.

அங்கேதான் சிக்கல். அந்தக் கம்மோட்டைத் தொட்ட கையோடும் காலோடும் அவர் வீட்டுக்குள் வரமாட்டார். உள்ளே நுழைந்ததும் சுவாமி அலமாரி. குளித்துவிட்டுத்தான் அதைத் தாண்டுவார். ஆனால் குளிக்கும் அறையும் வீட்டுக்குள்தான் இருக்கிறது, வயிறும் காத்திருக்காது. அவர் கராஜ் வாசலில் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி தவித்தார். நான் பழைய பேப்பர்களைக் கராஜ் கதவிலிருந்து கழிப்பறை வரை வரிசையாகப் பரப்பினேன். சுவாமி அலமாரித் திரையையும் இழுத்து மூடினேன்.

"பிள்ளையார்கிட்ட நான் சொல்லிட்டேன். பேப்பர் மேலேயே நடந்து வாங்கோ."

"இதெல்லாம் எந்த சாஸ்திரத்துலடீ இருக்கு?"

"அப்புறமா தேடலாம். மொதல்ல போங்கோ."

ஓடினார். திரும்பி வரும்போது குளித்துவிட்டு வந்தார். மறுபடி கம்மோட்டைத் தொட்டார். மறுபடி வயிறு. மறுபடி பேப்பர். மறுபடி குளியல். அன்று அவர் எத்தனை தடவை குளித்தார் என்று கணக்கில்லை. பேப்பரெல்லாம் ஊறிக் கிழிந்துவிட்டது. உடம்பில் தெம்பே இல்லாத மனுஷர் நனைந்த துண்டோடு நடுங்கிக்கொண்டு போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். விடுங்கோ, தம்பி பார்த்துப்பான் என்று சொன்னால் கேட்கமாட்டார். நான் சொல்லவும் இல்லை. அதுவாவது அவர் கையால் நடக்கட்டும் என்று தோன்றியது.

கடைசியில் தம்பி ரம்பத் தகட்டால் அந்தப் போல்ட்டை அறுத்தான். விரல் முட்டியில் தோல் போய்விட்டது. இரண்டு பேருமாகக் கம்மோட்டைத் தூக்கினார்கள். ஒத்திகைப் பயணத்துக்கு அப்புறம் டாங்கைக் காலி செய்ய வேண்டும் என்பதை எல்லாருமே மறந்திருந்தோம். தரையில் இருந்த ஓட்டையிலிருந்து கிளம்பிய நாற்றத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே பாய்ந்து புல்தரையில் உட்கார்ந்தான். எதிர் வீட்டில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

இவர் மட்டும் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். புதுக் கம்மோட்டை மார்போடு அணைத்தபடி ஓட்டையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாம் என்னுதுதானேடீ. நான் எங்க போய் மூக்கை மூடிக்கறது?" என்றார்.

புது ரப்பர் வளையத்தை வைத்து அதன் மேல் புதியதை உட்கார்த்தினார்கள். துளைகள் சரியாகப் பொருந்தவில்லை. கொஞ்சம் திருப்பி வைத்தால்தான் போல்ட் இறங்கியது. அதனால் கம்மோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்த மாதிரி இருந்தது. பெடல் சுவரை உரசியது.

"லேசாக் கோணல்தான். உக்கார்றவாளுக்குத் தெரியாதுக்கா" என்றான் தம்பி. பிறகு இவரிடம், "அத்திம்பேர், மிதிச்ச அப்புறம் சில சமயம் பெடல் மேலே வராது. தண்ணி விழுந்துண்டே இருக்கும். கால் கட்டைவிரலால தூக்கி விட்டுடுங்கோ. அப்புறம்…" என்று இழுத்தான்.

"ஏறமாட்டேன். உக்காந்தே போறேன். சத்தியம்" என்றார் இவர், கைகட்டி நிற்கிற பிள்ளை மாதிரி.

கல்யாணத்துக்கு முந்தைய நாளே அவர் சாப்பாட்டை விட்டுவிட்டார். பெண்ணைப் பெற்றவர்கள் முகூர்த்தம் வரை சாப்பிடக் கூடாது என்பது எல்லாருக்கும் உள்ளது. இவர் அதற்கும் முன்னாலிருந்தே பட்டினி. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் வயிறு கூப்பிடாது என்று ஒரு நம்பிக்கை. காலையில் மலை தாண்டும்போது இரண்டு முறை பின்னால் போனார். சொன்னபடி உட்கார்ந்தார். பெடலும் மேலே வந்தது. தம்பி மண்டப வாசலுக்கு எதிரே வண்டியை நிறுத்தினான். இவர் பஞ்சகச்சத்தோடு இறங்கிக் கோபுரத்தைப் பார்த்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து!

மாலை மாற்றினார்கள், ஊஞ்சல் ஆயிற்று. கன்னிகாதானமும் நல்லபடியாக நடந்தது. அவர் கையில் நான் தீர்த்தம் விட்டேன். கூறைப் புடவை கட்டிக்கொள்ளப் பெண்ணை உள்ளே அழைத்துப் போனார்கள். அவள் திரும்பி வந்ததும் தாலி. அந்த இடைவெளியில் இவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து, யாரையும் பார்க்காமல் வண்டிக்கு நடந்தார்.

பெண் கூறையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். இவர் வரவில்லை. கல்யாணம் செய்து வைக்கிற வாத்தியார் என்னைப் பார்த்து, "மாமாவைக் கூப்பிடுங்கோ மாமி. முகூர்த்தம் இருக்கு, ஆனா ரொம்ப இல்லை" என்றார். மணையைச் சுற்றி இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். மடிசாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

கதவைத் தட்டினேன். உள்ளே விட்டுவிட்டுத் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"ஆயிடுத்தா?"

"ஆயிடுத்து. ஆனா வரமுடியாதுடீ. பெடல் மாட்டிண்டுடுத்து."

கதவைத் திறந்தார். பெடல் பாதி வழியில் நின்றிருந்தது. அழுத்தினால் கீழே போகவில்லை. தூக்கிப் பிடித்தால் தண்ணீர் நின்றது. காலை எடுத்தால் மறுபடி விழுந்தது. கம்மோடு விளிம்பு வரை நிறைந்திருந்தது. அவர் ஒரு காலால் பெடலைத் தூக்கிப் பிடித்தபடி, ஒரு கையால் பஞ்சகச்சத்தை வாரிக்கொண்டு நின்றார். துண்டைச் சுருட்டி அடியில் செருகிப் பார்த்திருக்கிறார். நனைந்து நழுவிக் கிடந்தது.

"காலை எடுத்தா எல்லாம் வழிஞ்சு வெளியில வாசல் வரைக்கும் வந்துடும். சம்பந்தி மனுஷா நிக்கறா. உன் தம்பியை மடியில வெச்சுக்கச் சொல்லு. தாய்மாமன்தானே, தப்பில்லை."

"அவன் எங்கே இருக்கான்னே தெரியலை. பூ வாங்கப் போனானோ, யாரையாவது கூட்டிண்டு வரப் போனானோ."

"அப்போ வேற யாரையாவது சொல்லு."

அந்த 'வேற யாரையாவது' என்ற சொல் எனக்குப் பொறுக்கவில்லை. இதற்காகத்தானே இத்தனையும்? நான் உள்ளே நுழைந்து, அவர் காலுக்குப் பக்கத்தில் என் காலை விட்டுப் பெடலைத் தூக்கினேன். மெட்டி பிளாஸ்டிக்கில் கீறியது.

"நீங்க போங்கோ."

"நான் இதையெல்லாம் தொட்டுட்டேனே. குளிக்காம எப்படிக் கொழந்தையை…"

"வெளியில குழாய் இருக்கு. கால் அலம்பிண்டு போங்கோ. வாத்தியார் தீர்த்தம் தெளிப்பார். போங்கோன்னா!"

"நீ பெத்தவடீ. நீ பார்க்க வேண்டாமா?"

"நீங்க மடியைக் குடுங்கோ. எனக்கு மேளம் கேக்கும்."

பஞ்சகச்சத்தைச் சரிசெய்துகொண்டார். பிறகு போனார். படியில் அவர் இறங்கும்போது வண்டி ஆடியது, பிடித்துக்கொண்டேன்.

சுவரில் எட்டுகிற தூரத்தில் இருந்த ஒரு ஸ்விட்சை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. இன்னொன்றை அமுக்கினேன். காற்றாடி சுற்றியது. தண்ணீர் எதில் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சின்ன அறையில் ஜன்னல் உயரத்தில் இருந்தது. வானம் மட்டும் தெரிந்தது. உள்ளங்கையில் அட்சதை ஒட்டிக்கொண்டிருந்தது; ஓடி வரும்போது கையிலேயே வந்துவிட்டிருக்கிறது. கால் மரத்துப் போயிற்று. அம்பாளே, அவருக்கு அந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் கொடு, வேறு ஒன்றும் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மேளம் சும்மா வாசித்துக்கொண்டிருந்தது. நின்றது. ஒரே ஒரு நொடி ஒன்றுமே கேட்கவில்லை.

அப்புறம் கெட்டிமேளம்.

கழிப்பறையில் அட்சதையைப் போட மனசு வரவில்லை. கையை இறுக மூடிக்கொண்டேன். ஒற்றைக் காலில் நின்றபடியே அழுதேன். பெண் அவர் மடியில் உட்கார்ந்தாளா, வேறு யார் மடியிலா என்பதுகூட எனக்குத் தெரியாது.

சிறிது நேரத்தில் தம்பி மூச்சு வாங்க ஓடி வந்தான். என்னைப் பார்த்துத் திகைத்து, அடுப்புக்கு மேலே இருந்த ஒரு பொத்தானைத் தட்டினான். நான் காலை எடுத்தேன்; தண்ணீர் விழவில்லை.

"பம்ப்புக்கா. இதை அணைச்சா போறும். அத்திம்பேர்கிட்ட சொல்ல மறந்துட்டேன்." பிறகு, "மாப்பிள்ளை தாலி கட்டியாச்சு. அத்திம்பேர் மடியிலதான்" என்றான். நான் வெளியே வந்து வண்டிப் படியில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வீட்டில் நலங்குக்குப் பெண்ணுக்குப் புடவை மாற்றி விடும்போது அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு காலை நீட்டினாள்.

"அம்மா, கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடறியா? ரெண்டு தொடையும் நடுங்கறது."

"என்னடி ஆச்சு? ஊஞ்சல்ல இடிச்சுண்டியா?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நான் அப்பா மடியில உக்காரவே இல்லைம்மா. உக்கார்ற மாதிரி கால்லயே நின்னுண்டிருந்தேன். வயித்துல பட்டா அப்பாக்கு வலிக்குமே. அந்த மந்திரம் முடியவே இல்லை தெரியுமா, ஐ தாட் ஐ வுட் ஃபால். அப்பாகிட்ட சொல்லாதே, ப்ளீஸ்."

நான் தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டேன். ஒன்பது கஜத்துக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு, அத்தனை பேருக்கு முன்னால், கழுத்தில் தாலி ஏறும்வரை அப்படியே நின்றிருக்கிறாள். யாருக்கும் தெரியவில்லை.

நலங்கு முடிந்து எல்லாரும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் கழிப்பறைக் கதவு தெரிகிற தன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"நீ பார்க்கலையே. நன்னா நடந்துது. ஆனா ஒண்ணுடீ… மடியில கனமே இல்லை. இருபத்துநாலு வயசுப் பொண்ணு, ஒரு துணியை வெச்சுண்ட மாதிரி இருந்தா. சாப்பிடறாளோ இல்லையோ, நாம கவனிக்கவே இல்லையோ?"

"கல்யாண அலைச்சல். எல்லாப் பொண்ணும் கொஞ்சம் எளைக்கத்தான் எளைப்பா" என்றேன்.

அவர் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, மோரை ஒரு வாய் குடித்தார்.

"அப்போ பட்சணம் கொஞ்சம் ஜாஸ்தியாவே கட்டிக் குடு" என்றார்.